தேயாத செருப்பு

ஜூன் 15, ஞாயிறு

சைமன் இன்றைக்கும் லேட். திருப்பதி பஸ் காணிப்பாக்கம் கிராஸில் நின்றுவிட்டதாம். எட்டரைக்கு ஆராதனை, எட்டு பத்துக்கு வீட்டுக்குள் நுழைகிறார். சட்டை மாற்றக்கூட நேரமில்லை. மூன்று பேரும் ஓட்டமும் நடையுமாகச் சர்ச்சுக்குப் போய் வழக்கமான மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தோம். பாட்டுப் புத்தகத்தை எங்கள் இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார். இந்த ஒரு வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்வார்.

மத்தியானச் சாப்பாடு, அப்புறம் ஐந்தரை பஸ். இரண்டு வருஷமாக இதுதான். திருப்பதியில் பைக் ஷோரூமில் சர்வீஸ் சூப்பர்வைசர் வேலை, திருச்சானூரில் ஒரு ரூம், ஞாயிறு மட்டும் சித்தூரில் என் புருஷன். சண்டை போட்டு அலுத்துப்போய் நாங்களே பேசி எடுத்த முடிவு. கோர்ட்டுக்குப் போகவில்லை, சபையில் யாரிடமும் மூச்சு விடவில்லை. எல்லாம் கேசியாவுக்காக. பாட்டுக்குழு டீச்சரை அவர் புருஷன் விட்டுப்போன பிறகு, அவர் பையன் ஒரு பல்பை உடைத்தால்கூட "அப்பன் இல்லாத வீடு, வேற எப்படி இருக்கும்" என்றுதானே சொன்னார்கள்? என் பெண்ணை அப்படி ஒருத்தரும் சொல்லக்கூடாது.

வாசலில் அவர் செருப்பு ஒரு ஜோடி எப்போதும் கிடக்கும். கொடியில் அவர் சட்டை இரண்டு. வாரத்துக்கு ஒருமுறை நனைத்துக் காயப்போட வேண்டும், அது கேசியாவின் வேலை. யாரும் போடாத சட்டையை எதுக்குத் துவைக்கணும் என்று இன்றைக்குக் கேட்டாள். சொன்னதைச் செய்டி என்றேன். எட்டாவது படிக்கிறவளுக்கு இரண்டு சட்டை பிழிய வலிக்கிறதா?

ஜூன் 16, திங்கள்

கூழ் ஃபேக்டரிக்கு வெளியே மாங்காய் லாரிகள் ரோடு வரைக்கும் நிற்கின்றன. லேபில் பழம் சோதித்துத் தலை நிமிர நேரமில்லை. அந்த நேரம் பார்த்து ஸ்கூலிலிருந்து போன். கேசியா தன் கூட்டாளி ஹரிதாவின் டிபன் பாக்ஸை மாடி ஜன்னல் வழியாகக் கீழே போட்டுவிட்டாளாம். கீழே யாரும் இல்லாதது கர்த்தர் கிருபை.

"ஏன்டி போட்டே?"

"சும்மா."

சும்மாவாம்! ஹரிதாவும் இவளும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு.

ஜூன் 19, வியாழன்

தலைமுடி வரைக்கும் மாம்பழக் கூழ் வாசனை. கேசியாவே தோசை சுட்டுக் கொடுத்தாள். நல்ல பிள்ளைதான். எனக்குத்தான் திங்கட்கிழமை தலை சூடாகிவிட்டது போல.

ஜூன் 30, திங்கள்

ஸ்கூல் பையோடு கிளம்பினவள் ஸ்கூலுக்குப் போகவேயில்லை. பஸ் ஸ்டாண்டில், திருப்பதி பஸ் நிற்கும் இடத்தில், காலையிலிருந்து மூன்று மணி வரை உட்கார்ந்திருந்திருக்கிறாள். எதிலும் ஏறவில்லை. யாரோடும் பேசவில்லை. எங்கள் அண்ணன் ஜீவரத்தினம் தற்செயலாகப் பார்த்து வீட்டுக்குக் கூட்டிவந்தார். அவர் சபைச் செயலாளர் வேறு. யார் கண்ணில் படக்கூடாதோ அவர் கண்ணிலேயே பட்டிருக்கிறாள்.

"இன்னா ரூபா, சைமன் இன்னா பண்ணிக்கினு இருக்கான்? சாயங்காலம் வந்து பொண்ணை உக்கார வச்சிப் பேசறது இல்லியா?"

"பேசறாரு அண்ணா. தினமும் பேசறாரு."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. கேசியா என் பக்கத்தில்தான் நின்றாள். அண்ணன் என்னையே பார்த்தார். அப்புறம் டீ குடித்துவிட்டுப் போனார்.

ஜூலை 3, வியாழன்

ஒன்று ஞாபகம் வந்தது, எழுதி வைக்கிறேன். சைமன் இங்கே இருந்தபோது கேசியா நகத்தைக் கடித்துக் கடித்து ரத்தம் வரவைப்பாள். நாங்கள் சண்டை போடும்போதெல்லாம் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். ஒருநாள் அவர் சாதத் தட்டை வீசினார். நான் மட்டும் சும்மா இருந்தேனா? நானும் எதையோ வீசினேன். அவர் போன மூன்றாம் மாதம் அவள் நகம் வளர்ந்தது. இப்போது பாலீஷ் போடுகிறாள்.

அப்படியென்றால் அப்பன் இருந்த வீடு கெட்டதா, இல்லாத வீடு கெட்டதா? நகம் வளர்ந்த பிறகு எதற்கு இதெல்லாம் செய்கிறாள்? எனக்குப் புரியவில்லை. பழத்தில் இனிப்பு எவ்வளவு என்று கருவியில் பார்த்துச் சொல்லிவிடுவேன். என் பெண் மனசில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒன்றும் கண்டுபிடிக்கவில்லையே.

ஜூலை 14, திங்கள்

டீச்சர்களின் ஸ்கூட்டி சீட்டை பிளேடால் கிழித்திருக்கிறாள். ஒன்றல்ல, மூன்று வண்டி.

ஹெட்மிஸ்ட்ரஸ் என்னை உட்காரச் சொல்லவில்லை. "ஃபாதரை வரச் சொல்லுங்கம்மா. எப்பவும் நீங்களே வர்றீங்க." அவர் வெளியூர் கேம்ப் போயிருக்கிறார் என்றேன். இன்னொரு தடவை இப்படி நடந்தால் டி.சி. கொடுத்துவிடுவார்களாம்.

வீட்டுக்கு வந்து அடித்தேன். கரண்டியால். அவள் அழவில்லை, கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. கடைசியில் நான்தான் அழுதேன். அப்புறம் அவளே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இது என்ன பிள்ளை ஆண்டவரே? கோபமென்றால் கோபமாகவாவது இருக்கக்கூடாதா?

ஜூலை 20, ஞாயிறு

கண்டித்துப் பேசுங்கள் என்று சைமனிடம் சொன்னால், அவளை பேக்கரிக்குக் கூட்டிப்போய் பப்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார். சமையலறையில் வைத்துக் கேட்டேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்பதால் கிசுகிசுவென்றே சண்டை.

"வாரத்துல ஒரு பகல் வரேன் ரூபா. அதுலயும் அடிச்சிட்டுப் போவச் சொல்றியா?"

"அப்ப நான் மட்டும் ராட்சசியா இருக்கணுமா?"

ஹாலில் கேசியா டி.வி. சத்தத்தைக் கூட்டினாள். எங்கள் சண்டையை மறைக்க அவளுக்கு நாங்கள் சொல்லிக்கூடத் தரவில்லை, தானாகச் செய்கிறாள்.

ஜூலை 27, ஞாயிறு

எழுத வரவில்லை. அந்தக் கண்டக்டர் நன்றாக இருக்க வேண்டும். அது மட்டும் போதும்.

ஜூலை 28, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதினால்தான் எனக்கே விளங்கும்.

நேற்று மூன்று மணிக்கு எங்கள் வீட்டில் குடும்ப ஜெபக் கூட்டம். மாதம் ஒரு வீடு, இந்த மாதம் எங்கள் முறை. இருபது பேர் வந்தார்கள். சைமன் வாசலில் நின்று எல்லோரையும் கையெடுத்துக் கும்பிட்டு உள்ளே அழைத்தார். முடியும் நேரம் போதகர் கேசியாவைப் பார்த்து, "உங்க குடும்பத்துக்காக நன்றி சொல்லி ஜெபம் பண்ணும்மா" என்றார். எழுந்து நின்றாள். தினமும் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுவதற்காக ஸ்தோத்திரம் என்று சொல்லி முடித்தாள். எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

எல்லோரும் போன பிறகு ஐந்தரை பஸ்ஸுக்கு சைமன் கிளம்பினார். நான் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். கேசியா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனதைக் கவனிக்கவில்லை. ஊர் தாண்டி பஸ் திரும்பும் இடத்தில் நின்று கல்லை எறிந்திருக்கிறாள். முன்கண்ணாடி உடைந்து, படியோரம் நின்ற கண்டக்டர் கங்கையாவின் புருவத்துக்கு மேல் கிழித்துவிட்டது. நாலு தையல். மூன்றாவது சீட்டில் சைமன். அவரே இறங்கி ஓடிவந்து அவளைப் பிடித்திருக்கிறார்.

ஸ்டேஷனில் ஒரு பெண் போலீஸ் நல்லபடியாகத்தான் பேசினார். பதின்மூன்று வயசு என்பதால் எங்களோடு அனுப்பிவிட்டார்கள். ஆனால் விஷயம் சிறுவர் போர்டுக்குப் போகும்.

இன்று காலையில் கேட்டேன்.

"அதுல நைனா இருக்காருன்னு தெரியுமா?"

"தெரியும்."

"அவர் மேல பட்டிருந்தா?"

"பஸ்ஸு மேலதான் போட்டேன்."

சொல்லிவிட்டுப் புத்தகப் பையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

ஜூலை 31, வியாழன்

வக்கீல் ஜெயச்சந்திரனைப் பார்த்தேன். போர்டிலிருந்து ஒரு ஆபீசர் வீட்டுக்கு வந்து குடும்ப நிலவரம் எழுதிப் போவாராம். அந்த ரிப்போர்ட்டை வைத்துத்தான் முடிவு.

"அம்மா அப்பா சேர்ந்து இருக்கறதா எழுதட்டும்மா. பிரிஞ்ச குடும்பம்னு எழுதினா, வீட்ல கண்டிக்க ஆள் இல்லன்னு பொண்ணை கவர்ன்மென்ட் ஹோம்ல போட்டாலும் போடுவாங்க."

ஹோம். என் கேசியா. ரோட்டுக்கு வந்ததும் ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

கேசியாவோடு பஸ் ஏறித் திருப்பதி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் திருச்சானூர். இரண்டு வருஷத்தில் முதல் தடவை அவர் ரூமைப் பார்க்கிறேன். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், சுவரில் கேசியாவின் ஐந்தாம் வகுப்பு போட்டோ. வீட்டுக்காரம்மா மாடிப்படியில் மறித்து, "எப்பம்மா இங்கயே வந்துடப் போறே? டிரான்ஸ்ஃபர் இன்னும் வரலியா?" என்றாள். அவரும் இங்கே ஒரு கதை சொல்லி வைத்திருக்கிறார்! சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

ஆபீசர் புதன்கிழமை வருகிறார். செவ்வாயே துணிப்பையோடு வந்துவிட சைமன் ஒப்புக்கொண்டார். "இன்னும் எத்தினி பேர் முன்னாடி ஆடணும் ரூபா?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் கேசியாவை நடுவில் உட்கார வைத்து, நைனா எத்தனை மணிக்கு வருவார், எங்கே படுப்பார், யார் ஹோம்வொர்க் பார்ப்பார்கள் என்று சொல்லிக் கொடுத்தோம். ஒரு தடவை கேட்டதுமே அப்படியே திருப்பிச் சொன்னாள். வேறெதிலும் ஒத்துப்போகாத நாங்கள் இரண்டு பேரும் இதில் மட்டும் எவ்வளவு ஒற்றுமை!

ஆகஸ்ட் 6, புதன்

வந்த ஆபீசர் பெயர் அலர்மேல்மங்கை. ஐம்பது வயசிருக்கும், கைத்தறிப் புடவை, முழங்கால் வலி. வாசலில் நின்று செருப்பைக் கழற்ற ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். சைமனையும் என்னையும் கேட்டு எழுதிய பிறகு கேசியாவிடம் திரும்பினார்.

"நைனா வீட்லதான் இருக்காராம்மா?"

"ஆமா மேடம். ஏழு மணிக்கு வந்துடுவாரு. வந்ததும் மூஞ்சி கழுவிட்டு எனக்கு மேத்ஸ் சொல்லித் தருவாரு. நைட்டு குறட்டை விடுவாரு, அம்மா திட்டுவாங்க. நேத்து மீன் குழம்புல முள்ளு மாட்டிக்கினு இருமிக்கினே இருந்தாரு."

சிரித்துக்கொண்டே சொன்னாள். குறட்டையும் மீன் முள்ளும் நாங்கள் சொல்லிக் கொடுத்ததில் இல்லை. நேற்று வீட்டில் மீனே இல்லை. கண் இமைக்கவில்லை, குரல் தடுமாறவில்லை. நானே ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன். பயந்துபோனேன். பிளேடுக்கோ கல்லுக்கோ நான் இப்படிப் பயப்படவில்லை.

இதை யார் கத்துக் குடுத்தது? நான்தான். ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம, சோறு ஊட்டற மாதிரி ஊட்டி வளத்தது நான்தானே!

"மேடம், அவ சொன்னது பொய்" என்றேன். "நாங்க பிரிஞ்சி ரெண்டு வருஷம் ஆச்சி. எழுதிக்குங்க. அவளை ஹோமுக்கு மட்டும் அனுப்பாதீங்க, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

சைமன் தலையைப் பிடித்துக்கொண்டார். கேசியாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு போய்விட்டது. என் முகத்தையே பார்த்தாள்.

ஆபீசர் பேனாவை மூடினார். "வாசல்லயே பாத்தேம்மா. அந்த ஆம்பளைச் செருப்பு அடியில ஒரு தேய்மானம் இல்ல." எனக்கு ஓடி ஒளிய இடமில்லை.

என்னென்ன நாளில் என்னென்ன நடந்தது என்று கேட்டார். இந்த நோட்டை எடுத்து வந்து தேதி பார்த்துச் சொன்னேன். டிபன் பாக்ஸ், திங்கள். பஸ் ஸ்டாண்ட், திங்கள். ஸ்கூட்டி, திங்கள். கல் மட்டும் ஞாயிறு, அதுவும் அவர் கிளம்பின பிறகு. எல்லாவற்றையும் என் கையாலேயே எழுதியிருக்கிறேன், எனக்குத் தெரியவில்லையே!

"அப்ப நாங்க பிரிஞ்சதாலயா மேடம்? இல்ல, பிரியாத மாதிரி நடிச்சதாலயா?"

"தெரிலம்மா. ஒண்ணா இருக்கற வீட்டுப் பசங்களும் வர்றாங்க, பிரிஞ்ச வீட்டுப் பசங்களும் வர்றாங்க. நான் பாத்ததை எழுதுவேன். ஏன்னு எழுத என் ஃபாரத்துல இடம் இல்ல."

போகும்போது கேசியாவின் தலையில் கை வைத்தார். இவள் சொன்னாள்: "சாரி மேடம். மீன் துன்னல." சைமன் சட்டென்று எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் ஜெபமணி அக்காவும் இருந்தார், எங்கள் பெண்கள் ஐக்கியத் தலைவி. இருந்தால் இருக்கட்டும் என்று அவர் முன்னாலேயே சொன்னேன். அண்ணன் கத்துவார் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியும் ரூபா. அன்னைக்குக் கேசியாவைக் கூட்டியாந்தப்போ கேட்டேனே, நீ வாயைத் தொறப்பேன்னுதான் கேட்டேன்."

"எல்லாருக்கும் தெரியும்டி," என்றார் ஜெபமணி அக்கா. "ஞாயித்துக்கெழம காலைல பஸ்ஸு எறங்கி சைமன் ஓடியாறது ஊருக்கே தெரியுதே. நீயா சொல்றவரைக்கும் கேக்கக்கூடாதுன்னு இருந்தோம். உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு."

எல்லாருக்கும் தெரியும். அப்படியென்றால் நான் யாருக்காகச் சட்டையைத் துவைக்க வைத்தேன்? நான் நடிக்க, அவர்கள் பார்க்காத மாதிரி நடிக்க, நடுவில் ஒரு பிள்ளை. அவள் ஒருத்திதான் உண்மையாகவே அதைச் சுமந்திருக்கிறாள். எவ்வளவு கூறுகெட்டவளாக இருந்திருக்கிறேன். அன்று ஜெபத்தில் இருபது பேரும் சொன்ன ஆமென் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

சாயங்காலம் கேசியாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பர்வாலேது" என்று, பரவாயில்லை என்பதைத் தெலுங்கில் சொல்லிவிட்டு விளையாடப் போனாள். மன்னித்தாளா, இல்லை என் வாயை அடைத்தாளா?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

போர்டு. இன்று விசாரணை.

கங்கையாவும் வந்திருந்தார், புருவத்தில் இன்னும் பிளாஸ்திரி. கேசியா அவர் முன்னால் போய் நின்று மன்னிப்புக் கேட்டாள். மனப்பாடம் செய்த மாதிரி இல்லை, பாதியில் நின்றுவிட்டது. அவர் தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். "உங்க நைனா ரெண்டு வருஷமா நம்ம பஸ்ஸுதான்மா. சித்தூர் தாண்டினதும் கர்ச்சீப் எடுத்து மூஞ்சி மூடிக்கினு வருவாரு. தூங்கறார்னு நெனச்சேன், நாலு மாசம் கழிச்சிதான் அழுவறாருன்னு அர்த்தமாச்சு." சைமன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு இது தெரியாது. கேசியாவுக்கும் தெரியாது. போய் சைமன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஹோம் இல்லை. புத்தி சொல்லி, ஆறு மாதம் கவுன்சிலிங் என்று எங்களோடு அனுப்பிவிட்டார்கள். ஆபீசர் ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதியிருந்தாராம்: பெற்றோர் பிரிந்து வாழ்கிறார்கள், மறைக்கவில்லை. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். இந்தத் தடவை உண்மையாகவே சொல்கிறேன்.

மூன்று பேரும் வீட்டுக்கு வந்து டீ குடித்தோம். அவர் கிளம்பும்போது கேசியா வாசலில் கிடந்த செருப்பை எடுத்து, "இதைப் போட்டுக்கினு போ நைனா. அங்க வேலைக்கு ஆவும்" என்றாள். போட்டிருந்ததைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு அவர் அதைப் போட்டுக்கொண்டார். புதுச் செருப்பு, கடிக்கிறது என்றார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மூன்றாவது பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர். நேற்று அவள் திருச்சானூரில் அவரோடு இருந்துவிட்டு வந்தாள், இனி சனிக்கிழமைகளில் அப்படித்தான். பாட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் பிடிக்க ஆளில்லை. கேசியா பிடித்தாள், ஆனால் பாடவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஸ்கூலிலிருந்து வருமோ என்று நாளெல்லாம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

மூன்று திங்கட்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. கண்டுபிடித்துவிட்டேன், நோய் தெரிந்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு கர்வமே வந்திருந்தது. கர்வத்துக்கு இன்று அடி.

நாலரை மணிக்கு கேசியா ஃபேக்டரி கேட்டில் வந்து நிற்கிறாள். ஷிஃப்ட் முடியும் வரை அங்கேயே நின்றிருக்கிறாள். சயின்ஸ் ரூமில் கண்ணாடி அலமாரியை உடைத்துவிட்டாளாம். வேண்டுமென்றே. காலால் உதைத்து.

"ஏன்டி? இன்னைக்கு வியாழக்கெழமதானே?"

கேட்ட பிறகுதான் எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி என்று தெரிந்தது. அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"கோவம் வந்துச்சி. எதுக்குன்னு தெரில."

ஸ்கூலிலிருந்து ஏன் போன் வரவில்லை என்று கேட்டேன்.

"யாரும் பாக்கலம்மா. காத்துல உழுந்துடுச்சின்னு நெனச்சிக்கினு இருக்காங்க. நான்தான் உடைச்சேன்."

வீட்டுப் பக்கம் நடந்தோம். எனக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது. வேறு ஒன்றும் வந்தது, அதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. முனிசிபல் குழாய் பக்கம் வந்தபோது அவள் கேட்டாள்: "நாளைக்கு டீச்சர்கிட்ட சொல்லணும். நீ வரியா, நைனா வருவாரா?"

சைமனுக்குப் போன் செய்தேன். நாளைக்கு லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வருகிறாராம்.